மூடி வைத்தால் மட்டுமே ஓடும்

அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் வாசல் காவலர் முதல் கணக்குப் பிரிவுவரை எல்லோரும் அவரைக் ‘கூலிங் மேடம்’ என்றே அழைத்தார்கள். இதில் ஒரு சிறிய அநியாயம் இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே சூடான பொருள் எது என்று யாராவது வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு தேடியிருந்தால், கொதிகலன் அறையைத் தாண்டி நேராக மேடத்தின் மேசைக்குத்தான் வந்து நின்றிருப்பார்கள். விண்வெளியைவிடக் குளிர்ந்த ஓர் இயந்திரத்தை அவர் கட்டிக் காத்துவந்தார். குளிர்பெட்டி என்று ஒன்று இருந்தால் அது உள்ளே இருக்கும் சூட்டை எங்காவது வெளியே தள்ளியாக வேண்டும், இது மேடத்தின் மேல் தள்ளுகிறது, அவ்வளவுதான் என்று பட்டறைக்காரர் இதற்கு அறிவியல் விளக்கம் வைத்திருந்தார்.

வாழ்க்கை வரலாறு என்றால் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். கூலிங் மேடத்தின் பிறப்பில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. குழந்தை அழுதது, அந்த அழுகையிலேயே ஒரு புகார்த் தொனி இருந்தது என்று அவருடைய அம்மா சொல்வதோடு சரி. படிப்பு நன்றாக வந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது குவாண்டம் கணினி என்பது கரும்பலகையில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து வருஷத்தில் வந்துவிடும் என்று பேராசிரியர் சொன்னார். மேடம் முனைவர் பட்டம் வாங்கிய அன்றும் பத்து வருஷத்தில் வருவதாக இருந்தது. வேலையில் சேர்ந்தார், கல்யாணம் ஆனது, கண்ணாடி போட்டார், காதோரம் நரைத்தது; பத்து வருஷம் மட்டும் அப்படியே நின்றது. அந்தத் துறையில் இம்மியும் பிசகாமல் நிலைத்திருக்கும் ஒரே அளவு அதுதான். “உன்கூடப் படிச்சவ வீடே கட்டி முடிச்சிட்டா. உன் கம்ப்யூட்டர் மட்டும் இன்னுமா முடியல?” என்று அம்மா தொலைபேசியில் கேட்பதை நிறுத்தவில்லை. அஸ்திவாரம் போடுகிறோம் என்று மேடம் சொல்வார். இத்தனை வருஷமாகவா என்று அம்மா கேட்பார். அத்துடன் இருவரும் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள்.

குவாண்டம் கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே நாலு வரியில் சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை. சாதாரணக் கணினியில் ஒரு துணுக்குத் தகவல் பூச்சியமாக இருக்கும், அல்லது ஒன்றாக இருக்கும். குவாண்டம் கணினியின் துணுக்கான க்யூபிட் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கும், யாரும் பார்க்காதவரை. அலுவலகத்தில் கொடுத்த மனுவைப் போல. நகர்கிறதா, நகரவில்லையா என்று நாம் போய்க் கேட்காதவரை இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. கேட்டவுடன் நகரவில்லை என்று தெரிந்துவிடும். க்யூபிட்டுக்குச் சூடு ஆகாது, சத்தம் ஆகாது, அதிர்வு ஆகாது, பக்கத்தில் ஒரு கைப்பேசி சிணுங்கினால்கூட ஆகாது. இமை கொட்டும் நேரத்துக்கு எவ்வளவோ முன்பே, தான் வைத்திருந்ததை மறந்துவிடும். அதை மறக்காமல் இருக்கச் செய்வதுதான் மேடத்தின் உத்தியோகம்.

அதற்கான இயந்திரம் தரைத்தளத்தில், கட்டடத்தின் மற்ற பகுதியைத் தொடாமல் தனியாகக் கான்கிரீட் போட்ட தரை கொண்ட ஓர் அறையில் தொங்கியது. உள்ளே அது பேரழகி. பொன்முலாம் பூசிய வட்டத் தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, போகப்போகச் சிறுத்து, நடுவே சுருள் சுருளாக மெல்லிய குழாய்கள், கம்பிகள். தலைகீழாகத் தொங்கும் சரவிளக்கு என்றே சொல்லலாம். அடித்தட்டில், நகத்தைவிடச் சற்றே பெரிய சில்லு. ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால் ஒன்றுக்குள் ஒன்றாக உருளை உறைகளைப் போட்டு, கடைசியில் ஒரு வெள்ளை டிரம்மை மாட்டி, காற்றை உறிஞ்சி, விலை உயர்ந்த ஹீலியம் வாயுவைச் சுற்றவிட்டு, நாள்கணக்கில் குளிரவிட வேண்டும். குளிர்ந்தபின் வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது வெள்ளை டிரம், கேட்பது ‘சிக், சிக்’ என்று பம்பு விடும் மூச்சு. மூடியிருக்கும்போது அது கணினி. திறந்திருக்கும்போது வெறும் விளக்கு.

மேடத்தின் வாழ்நாள் கோபம் இந்த இடத்தில்தான் குடியிருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு விளக்குதான் வேண்டும்.

வந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. பள்ளி நிர்வாகிகள் வந்தார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கம் வந்தது. பால் சங்கத்திலிருந்து ஒரு குழு வந்து, எத்தனை லிட்டர் கொள்ளும் என்று விசாரித்துவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் இயக்குநர் அலுவலகத்திலிருந்து தகவல் வரும்: திறந்து வையுங்கள். திறப்பதென்றால் முதலில் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் சில்லுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறைகள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். நேற்றுவரை சமர்த்தாக இருந்த க்யூபிட், மறுபடி குளிர்ந்து எழும்போது முன்பின் தெரியாதவன் மாதிரி முழிக்கும். அதன் குணத்தைத் திரும்பப் படித்து, வழிக்குக் கொண்டுவந்து, ‘இனி வேலையைப் பார்க்கலாம்’ என்று நாற்காலியை இழுத்துப் போடும்போது அடுத்த விருந்தாளி வாசலில் நிற்பார்.

இயக்குநர் இதெல்லாம் தெரியாதவர் அல்ல. அங்கேதான் விஷயமே இருக்கிறது. அவரும் மேடமும் ஒரே மாதத்தில் ஒரே பேராசிரியரிடம் மாணவர்களாகச் சேர்ந்தவர்கள். முதல் சில்லுக்குக் கம்பி இழைத்தது அவருடைய கைதான். உருப்பெருக்கியின் கீழே மயிரிழைக் கம்பியை நடுங்காமல் ஒட்டவைக்கும் கை. முதல் க்யூபிட் தன்னிடம் சொன்னதை நினைவில் வைத்திருந்த அன்று இருவரும் ஆய்வகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தார்கள். பிறகு, தனக்கு அதைவிட அரிய திறமை ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டார். அவர் போடும் ஸ்லைடுகளைப் பார்த்துப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்கள் அவரை மேலே தூக்கிவிட்டார்கள். மேலே போகப்போகக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. நாலு பேர் முன்னால் மேடம் அவரைச் ‘சார்’ என்பார். தனியாக இருந்தால் பழைய ‘டேய்’ தானாக வந்துவிடும். வருஷம் ஆக ஆக அந்த ‘டேய்’யில் பாசம் குறைந்துகொண்டே வந்தது.

நம் கதை நடந்த வருஷம் மேடத்துக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. இந்த மறதிக்கார க்யூபிட்களை ஒன்பது பேராக வரிசையில் நிறுத்தி, ஒருவன் மறந்ததை மற்றவர்கள் சேர்ந்து சரிக்கட்டும்படி செய்ய முடியுமா என்பதுதான் அவர் பாதி வாழ்க்கையாகத் தேடிய விடை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒன்பது மறதிக்காரர்கள் கூடினால் ஒரு கமிட்டி உருவாகும். கமிட்டி தனி ஆளைவிட வேகமாக மறக்கும். அந்தக் கூட்டம் அதிலுள்ள மிகச் சிறந்த ஞாபகசாலியைவிட ஒரு கணமாவது கூடுதலாக நினைவு வைத்திருந்தால், அது ஜெயம். அந்த வருஷம் மாட்டிய சில்லு அதைச் செய்தது. திரையில் கூட்டத்தின் ஞாபகக் கோடு, தனி ஆளின் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. மேடம் யாரிடமும் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரையை அனுப்பினார். ஆய்விதழிலிருந்து பதில் வந்தது: நம்ப ஆசையாக இருக்கிறது, இதே சில்லில் இன்னொரு முறை, இன்னும் நீளமாக அளந்து காட்டுங்கள்.

இதே சில்லில் என்றால் சூடாக்காமல் என்று அர்த்தம். ஒருமுறை சூடாக்கினால் அந்த ஒன்பது பேரும் பழையபடி கமிட்டி ஆகிவிடலாம்.

அந்த வாரமே இயக்குநர் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. மேலிடத்துக்காரர் ஒருவர் வருகிறார். அவருடைய பதவியின் பெயர் நீளமானது, யாரும் கடைசிவரை படித்ததில்லை. ஆனால் அவர் தலையாட்டினால்தான் நிறுவனம் மூச்சு விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே, திறந்து வையுங்கள்.

கூலிங் மேடம் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். இயக்குநர் அறையில் நடந்ததைப் பக்கத்து அறைத் தட்டச்சர் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டதாகத் தெரிகிறது. சில்லைப் பற்றி, ஒன்பது பேரைப் பற்றி, ஆய்விதழைப் பற்றி எல்லாம் மேடம் சொல்லிப் பார்த்தார். இயக்குநர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, வருகிறவருக்கு டிரம்மையா காட்டுவது என்று கேட்டார். அப்போது மேடம் ஆத்திரத்தில் சொன்ன ஒரு வாக்கியம் அந்த நிறுவனத்தின் தலையெழுத்தையே மாற்றியது.

“உனக்குப் பளபளன்னு ஒண்ணு தொங்கணும், அவ்வளவுதானேடா? பித்தளையில ஒண்ணு செஞ்சு மாட்டு, போ.”

இயக்குநர் கையிலிருந்த காகிதத்தில் ‘பித்தளை’ என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு பட்டறைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

பட்டறைக்காரர் அந்தக் கட்டடத்தின் பின்புறத்தில் கடைசல் இயந்திரமும் வெல்டிங் தீப்பொறியுமாக இருபது வருஷம் கழித்தவர். வால்வு, திருகாணி, கிளிப்பு என்று அதுவரை அவர் செய்ததெல்லாம் எதற்குள்ளாவது போய் மறைந்துவிடும் சாமான்கள். தான் செய்ததை நாலு பேர் நின்று பார்க்கப்போகிறார்கள் என்றதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, பாலிஷ் போட்டு, தங்க வார்னிஷ் அடித்தார். தண்ணீர் சூடாக்கும் பாய்லர்களிலிருந்து கழற்றிப்போட்ட செப்புக் குழாய்களைச் சுருள் சுருளாக வளைத்து மாட்டினார். இருபத்தேழு குழாய். ஏன் இருபத்தேழு என்று பின்னாளில் உலகம் கேட்கப்போகிறது. குழாய் அவ்வளவுதான் இருந்தது. அடியில் நீல விளக்குச் சரம் ஓடவிட்டார். முதல் மாடிக் கூடத்தில் அதைத் தொங்கவிட்டு, தள்ளி நின்று பார்த்து, அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயரும் வைத்தார்.

“ஏன் மாப்பிள்ளை?” என்று மேடம் கேட்டார்.

“அலங்காரம் பண்ணி நிக்கும். எல்லாரும் வந்து கூட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. அதுவா ஒரு வேலையும் செய்யாது. வேற என்னன்னு சொல்றது, மேடம்?”

மேலிடத்துக்காரர் வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்து வாயைப் பிளந்தார். அறிவியலில் ஆர்வமுள்ளவர் ஆகையால் குழாய்களை விரல்விட்டு எண்ணினார். “இருபத்தேழா?” என்றார். இயக்குநர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “இருபத்தேழு” என்றார். பொய் என்று சொல்ல முடியாது, இருபத்தேழுதான் இருந்தது. மறுநாள் செய்தியில் இருபத்தேழு க்யூபிட் கொண்ட குவாண்டம் கணினி என்று வந்தது. கீழே தரைத்தளத்தில் ஒன்பது க்யூபிட்கள் யாருக்கும் தெரியாமல் குளிரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

மேடத்துக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. வழக்கம்போல் கத்தினார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. டிரம்மை யாரும் தொடவில்லை. ‘சிக், சிக்’ நிற்கவில்லை. அளவெடுப்பு ஓடியது.

மாப்பிள்ளைக்கு அதன்பின் சுக்கிரதிசை. ஆண்டறிக்கையின் அட்டையில் அது வந்தது. கூடத்துக்குக் குளிர்சாதனம் போட்டார்கள். பித்தளைக்கு எதற்கு என்று கேட்டவருக்கு, உண்மையான குவாண்டம் கணினிக்குக் குளிர் தேவை என்று பதில் கிடைத்தது. தனிக் காவலர் வந்தார். தொடாதீர்கள் என்று பலகை வைத்தார்கள். மாப்பிள்ளையில் ஆராய்ச்சி செய்ய விரும்புவதாக மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். காலாண்டுக் கூட்டம் ஒன்றில், அறிவித்திருப்பது இருபத்தேழாக இருக்க உங்கள் பிரிவில் ஒன்பது மட்டுமே ஓடுவது ஏன், மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று ஓர் அதிகாரி மேடத்தைப் பார்த்துக் கேட்டார். மேடம் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கடித்தார். மூடி இரண்டாகப் பிளந்தது.

ஒரே ஒரு குறைதான் மாப்பிள்ளைக்கு இருந்தது. கூடத்தை ஒட்டி மின்தூக்கி. அது மேலும் கீழும் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை லேசாக ஆடும். ஆடினால் புகைப்படம் கலங்கலாக விழுகிறது என்று புகார் வந்தது. அதிராத தரை கொண்ட அறை கட்டடத்தில் ஒன்றே ஒன்று. அதில் ஒரு வெள்ளை டிரம் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த தகவல் வந்தபோது அளவெடுப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. மேலிடத்துக்காரர் வெளியூர்க் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறார். அதற்குள் மாப்பிள்ளையைத் தரைத்தள ஆய்வகத்துக்கு மாற்ற வேண்டும். பழைய சாதனத்தைச் சூடாக்கிக் கழற்றி, நிலவறையில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அன்று வீட்டில் மேடம் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். அவருடைய கணவர் பல் செட் செய்பவர். வாசலறையில்தான் அவருடைய பட்டறை. ஜன்னலோரப் பலகையில் யார் யாருடைய தாடைகளோ சுண்ணாம்பு அச்சுகளாகச் சிரித்துக்கொண்டிருக்கும். பேச்சு குறைவான மனிதர். மனைவி சொன்னதையெல்லாம் மாப்பிள்ளையின் பூர்வீகம் முதல் ஜெனரேட்டர்வரை பொறுமையாகக் கேட்டார்.

“நானும் டம்மிதான் செய்யறேன். என் டம்மில கடிச்சாவது திங்கலாம்” என்றார்.

மேடம் முறைத்தார். கணவர் இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு, தன் தொழிலில் இருந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

“ஏம்மா, செட்டு ஆடுதுன்னு வந்தா நாங்க பசை போட்டு இறுக்கிக் குடுப்போம். தாடையை மாத்தச் சொல்ல மாட்டோம். அங்க மட்டும் ஏன் தாடையை மாத்தறாங்க?”

மேடம் சாப்பிடுவதை நிறுத்தினார். மறுநாள் காலை வண்டியை எடுக்கும்போது வழக்கமான கோபத்தோடு ஓர் இலக்கும் சேர்ந்திருந்தது என்பதைக் கணவர் கவனித்தார். பாவம் அந்த ஆள் என்று இயக்குநரை நினைத்துக்கொண்டு, மேல்தாடை ஒன்றைக் கையில் எடுத்தார்.

இயக்குநர் அன்று தானே தரைத்தளத்துக்கு இறங்கி வந்திருந்தார். கூடவே சுமைதூக்க நாலு பேர். பட்டறைக்காரரும் ஓரமாக நின்றார். மேடம் அவர்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார். குரல் உயரவில்லை, அதனாலேயே எல்லோரும் உடனே போனார்கள். கதவைச் சாத்திவிட்டு, வால்வுகள் வரிசையாக இருக்கும் பலகைக்கு முன்னால் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

“நான் அணைக்க மாட்டேன். நீயே அணை.”

பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்று இயக்குநர் கேட்டுக்கொண்டார். நிலவறையிலும் வேலை செய்யலாம் என்றார். ஜெனரேட்டருக்குப் பக்கத்திலா என்று மேடம் கேட்டார். பதில் இல்லாதபோது எல்லாப் பெரிய மனிதர்களும் செய்வதை அவரும் செய்தார், குரலை உயர்த்தினார்.

“உன் டிரம்முக்கு ஹீலியம் எங்கேர்ந்து வருது? மாப்பிள்ளை சம்பாதிக்கறான், இது உக்காந்து சாப்பிடுது. இத்தனை வருஷத்துல இந்த டிரம்மைப் பார்த்து ஒருத்தனாவது கை தட்டியிருக்கானா, சொல்லு.”

“கை தட்டறதுக்காடா செஞ்சோம்?”

மேடம் நாற்காலியை இன்னும் ஓர் அடி நகர்த்தினார்.

“தெரியாதவன் எவனாவது இதைச் செஞ்சா, போகட்டும், ஏதோ ஃபிரிட்ஜுன்னு நினைச்சிட்டான்னு விட்டுடுவேன். உனக்குத் தெரியும். சூடாக்கினா என்ன ஆகும்னு என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சே செய்யற பாரு, அதான் வயிறு எரியுது. அணை. வரிசை ஞாபகம் இருக்கா, நான் சொல்லணுமா?”

இயக்குநர் பலகையின் முன்னால் போய் நின்றார். கை நீண்டது. வரிசைப்படி முதலில் திருக வேண்டிய வால்வு எதுவோ, அதன்மேல் நேராகப் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷ ஸ்லைடுக்குப் பிறகும் கை மறக்கவில்லை. அதைப் பார்த்தபோது மேடத்துக்கு ஏற்கெனவே இருந்த கோபம் போதாமல் இன்னொன்று வந்தது. மறந்திருந்தாலாவது மன்னித்திருக்கலாம்.

வால்வுக்கு மேலே திரை. திரையில் இரண்டு கோடுகள். ஒன்று சரிந்துகொண்டே போனது. இன்னொன்று அதைவிட மெதுவாக, பிடிவாதமாக, மேலேயே நின்று சரிந்தது. இயக்குநர் வேறு பக்கம் பார்க்கத்தான் முயன்றார். முடியவில்லை.

“இது ஒன்பதும் சேர்ந்தா?” என்றார். குரல் பழைய குரலாக இருந்தது.

“ஒன்பதும் சேர்ந்து.”

“நல்லா வந்ததை மட்டும் பொறுக்கிப் போடலையே?”

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி அது. நூறு முறை அளந்து, சொன்னபடி கேட்ட எழுபதை வைத்துக்கொண்டு, கேட்காத முப்பதைக் குப்பையில் போட்டால் எந்தக் கோடும் உயரத்தான் செய்யும்.

“நான் என்ன நீயா?” என்றார் மேடம்.

இயக்குநருக்கு உறைத்தது. கையை வால்விலிருந்து எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். பம்பு ‘சிக், சிக்’ என்றது.

“எவ்வளவு நாள் வேணும்?”

“மூணு வாரம். ஒருத்தன் இந்தக் கதவைத் தொடக் கூடாது.”

“மாப்பிள்ளை ஆடுதே.”

“பல்லு ஆடினா பசை போடுவாங்க. தாடையை மாத்த மாட்டாங்க. பட்டறைக்காரரைக் கூப்பிட்டுப் பின்பக்கம் ரெண்டு கம்பி குடுத்துச் சுவத்தோட முடுக்கச் சொல்லு. ஒரு மணி நேர வேலை.”

வெளியே நின்ற பட்டறைக்காரர், இதைத்தானே தானும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சுமைதூக்க வந்தவர்களிடம் சொன்னார். அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

இயக்குநர் கதவுவரை போனார். நின்றார். திரும்பி வந்தார். மேடத்துக்கு ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்தது. பழைய ஆள் வெளியே வந்துவிட்டான், ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தார். இயக்குநர் கைப்பேசியை எடுத்தார். திரையில் இருந்த இரண்டு கோடுகளையும் ஒரு படம் பிடித்தார். பிடித்துக்கொண்டு போனார். பக்கத்தில் கைப்பேசி வந்ததும் மேலேயிருந்த கோடு ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, பிறகு அடங்கியது. கட்டுரையில் அந்தத் துள்ளல் இன்றும் இருக்கிறது. பொறுக்கிப் போடக் கூடாது என்பதால் மேடம் அதை எடுக்கவில்லை.

மேலிடத்துக்காரர் வெளியூர்க் குழுவோடு வந்தார். கம்பி கொடுக்கப்பட்ட மாப்பிள்ளை சொன்னபடி நின்றது. இயக்குநர் அதன் பக்கத்தில் நின்று, இரண்டு கோடுகளையும் பெரிய திரையில் போட்டு, இருபத்தேழு க்யூபிட்டும் ஒன்றுகூடிச் செய்த சாதனை என்று அறிவித்தார். கைதட்டல் கூடத்தை அதிரவைத்தது, மாப்பிள்ளை ஆடவில்லை. ஓரமாக நின்ற மேடத்தை மேலிடத்துக்காரர் அருகே அழைத்து, இந்த இயந்திரத்தோடு வேலை செய்வது எப்படி இருக்கிறது என்று அன்போடு விசாரித்தார்.

“இது பித்தளைங்க. உள்ள ஒண்ணும் கிடையாது. இதுல எந்த வேலையும் நடக்கல” என்றார் மேடம்.

மேலிடத்துக்காரர் சற்றுநேரம் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. உண்மையான விஞ்ஞானிகளுக்குத்தான் எவ்வளவு தன்னடக்கம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள்.

கோபம் மனிதனை என்ன செய்யும் என்பதற்குக் கூலிங் மேடத்தின் அடுத்த மூன்று வாரங்கள் உதாரணம். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அளந்தார். கோடு மேலேயே நின்றது. கட்டுரை ஏற்கப்பட்டது. நிறுவனம் கேட்டுக்கொண்டபடி ஆய்விதழ் மாப்பிள்ளையின் படத்தைத்தான் முன்னால் போட்டது. திருமணப் பத்திரிகையில் வரும் முகம்போல அது பளிச்சென்று விழுந்திருந்தது. இயக்குநரும் ஆசிரியர்களில் ஒருவர் ஆகையால் அச்சுக்குப் போகுமுன் கட்டுரை அவர் பார்வைக்கு வந்தது. பெயர்கள் இருக்கும் முதல் பக்கத்தை அவர் கவனமாகப் படித்து ஒப்புதல் கொடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், நன்றி சொல்லும் இடத்தில், மேடம் பொடி எழுத்தில் எழுதியிருந்தது இதுதான்:

“படத்தில் காணப்படும் இயந்திரம் இந்த ஆய்வில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. பார்வையாளர்களைத் தன் பக்கம் இழுத்து, எங்கள் இயந்திரத்தை மூடியபடியே இருக்கவிட்ட உதவிக்காக, அதைச் செய்த பட்டறைக்காரருக்கு நன்றி.”

கடைசிப் பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் மேடம் நினைத்திருந்தார். ஆனால் உலகத்தில் டிரம்மைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லவே. கட்டுரை வெளிவந்த வாரத்தில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. முகம் தெரியாத ஊர்களிலிருந்து, முகம் தெரியாத ஆய்வகங்களிலிருந்து. மேடத்துக்குப் பூரிப்பாக இருந்தது. பாதி வாழ்க்கை கொடுத்துக் கண்டுபிடித்ததை யாரோ புரிந்துகொண்டு விசாரிக்கிறார்கள் என்று முதல் கடிதத்தைத் திறந்தார். சில்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பார்வையாளர்களுக்காகச் செய்த அந்த இயந்திரத்தின் வரைபடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவதிலும் அதே கேள்வி. மூன்றாவது கடிதக்காரர், தங்கள் இயக்குநர் வாரம் ஒருமுறை திறக்கச் சொல்கிறார், கெஞ்சிக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார்.

மேடம் எழுந்து பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் பெருமையோடு வரைபடம் போட்டுக் கொடுத்தார். மேடம் அதை எல்லோருக்கும் அனுப்பினார். அடியில் இதையும் சேர்த்தார்: “பித்தளை போதும். விளக்கு நீலமாக இருக்கட்டும். குழாய்களை யாராவது கட்டாயம் எண்ணுவார்கள், எத்தனை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆடினால் பின்னாலிருந்து கம்பி கொடுங்கள். என்ன ஆனாலும் உங்கள் அறையை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.”

நன்றி சொல்லிப் பல பதில்கள் வந்தன. கெஞ்சிக் கேட்டிருந்த அந்த மூன்றாவது ஆளிடமிருந்து மட்டும் ஒரே வரி வந்தது. அறையை நேற்றுதான் விட்டுக்கொடுத்தோம் என்று.

மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து போய், சாத்தியிருந்த ஆய்வகக் கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.